சின்ன ர போட்ட கரி

காலை இங்குட்டு நகட்டி வச்சுக்கோ பாப்பா. அந்தச் சாக்கு மேல பட்டுச்சுன்னா உன் வெள்ளைச் சுடிதார் அவ்வளவுதான், எந்த சோப்புக்கும் போகாது. உள்ள என்னன்னா பாக்குற? கரி. ஐய, மூக்கைப் பொத்தாத! கறி இல்ல, கரி. அடுப்புக்கரி. கமுதி பஸ் ஸ்டாண்டுல ஏறும்போது அந்தக் கண்டக்டரும் இதே கூத்துதான். "என்னம்மா மூட்டை?"ன்னாரு, கரின்னேன். "ரத்தம் கித்தம் ஒழுகாதே?"ன்னு கேக்குறாரு! சாக்கை அவுத்து ஒரு துண்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டின பிறகுதான் சீட்டுக்கு அடியில வைக்க விட்டாரு. இந்த ஒத்தை எழுத்தால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதுரைக்குத்தானே? நானும் மதுரைதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆச்சு. இந்தா, காராச்சேவு எடுத்துக்கோ. கடையில வாங்கினது இல்ல, என் கையால போட்டது, பூண்டு தட்டிப் போட்டிருக்கேன். வேணாமா? சும்மா எடு. சரி, கொஞ்ச நேரம் போகட்டும்.

நான் அதிகம் பேசுற ஆளு இல்ல. எங்க தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாரு, சீதாலட்சுமி உண்டு அவ வேலை உண்டுன்னுதான் சொல்லுவாங்க. நீ கேட்டதால சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, இந்துஜா. போன ஆவணியிலதான் கல்யாணம் முடிச்சோம். மாப்பிள்ளை பேரு நவநீதன். கோயமுத்தூர்ப் பக்கம், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பிள்ளை, குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஒரே ஒரு குறைதான். என் வீட்டுல சாப்பிட மாட்டேங்கிறாரு.

சாப்பிட மாட்டேங்கிறாருன்னா பட்டினி கிடக்குறாருன்னு இல்ல. உக்காருவாரு. இலை போடுவேன். பக்கத்துலயே நின்னு கவனிப்பேன், ஒரு நிமிசம் அங்குட்டு இங்குட்டு நகர மாட்டேன். அவரு ஒரு வாய் எடுத்தா நான் ஒரு கரண்டி வைப்பேன். ரெண்டாவது இட்லியிலேயே "போதும் அத்தை". கையை இலைக்கு மேல குடையா விரிச்சுக்குவாரு. நான் விடுவேனா? விரல் இடுக்கு வழியா குழம்பை ஊத்திருவேன். அப்படியும் இறங்காது. தலை தீபாவளிக்கு வந்தப்ப, காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு இட்லி, கறிக்குழம்பு, சுக்கா, வடை, பணியாரம், அதிரசம் அம்புட்டும் செஞ்சேன். குருவி கொத்துற மாதிரி கொத்திட்டு எந்திரிச்சுட்டாரு. என் கைச்சாப்பாட்டை யாரு குறை சொல்லியிருக்கா? எங்க வீட்டுக்காரரு ஈ.பி.யில இருந்தப்ப, அவரு டிபன் பாக்ஸைத் திறந்தா ஆபீசே வந்து நிக்குமாம்.

இந்துஜாகிட்டக் கேட்டேன். "என்னடி, நம்ம சமையல் பிடிக்கலையா?" அவ என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, நீ பக்கத்துல நின்னுக்கிட்டு அவரு வாயையே பாத்தா அவருக்கு எப்படிம்மா தொண்டையில இறங்கும்?" பாத்தியா பேச்சை! நான் வாயையா பாத்தேன்? இலையைத்தானே பாத்தேன்? பாக்காம எப்படிப் பரிமாறுறது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனிப்புன்னா என்னன்னே தெரியல.

இதுல இன்னொரு கொடுமை கேளு. எங்க ஓரகத்தி இருக்கா, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், செல்வராணின்னு பேரு. நாலு வீடு தள்ளித்தான் இருக்கா. தீபாவளி அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைக ரெண்டும் அங்க போச்சுக. அவ என்ன செஞ்சா? ஹாட்பாக்ஸ்ல தோசையைச் சுட்டு அடுக்கி மேசையில வச்சுட்டு, "எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு சீரியல் பாக்கப் போயிட்டா. முறுகலும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆறிப்போன தோசை! விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைத் தானே எடுத்துப் போட்டுக்கச் சொல்ற பொம்பளையை எங்கயாவது பாத்திருக்கியா? அந்த வீட்டுல எங்க மாப்பிள்ளை ஆறு தோசை சாப்பிட்டாராம். மறுநாள் காலையில அவளே வாசல்ல நின்னு சொல்றா. "பாவம் சீதா, உன் மாப்பிள்ளை நல்லாப் பசியில இருந்தாரு போல." எனக்கு எப்படி இருந்திருக்கும்! வயிறு எரிஞ்சுச்சுன்னு சொல்ல மாட்டேன், நான் அந்தக் குணம் இல்லாதவ. ஆனா ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.

எடுத்துக்கோ பாப்பா, ஒரு கை. அட, வெக்கப்படாத. காரம் கம்மிதான். மாட்டியா? உன் இஷ்டம்.

பொங்கலுக்கு வந்தாங்க. ஒரே ராத்திரி. கிளம்பும்போது இந்துஜா மெதுவா சொல்றா, "அம்மா, அடுத்த தடவை வந்தா நாங்க வெளிய ரூம் போட்டுக்கிறோம். உனக்கும் சிரமம் இல்ல." எனக்குச் சிரமமாம்! அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போன பிறகு அடுப்படியில போய் உக்காந்து அழுதேன். வெளிப்படையாச் சொல்றதுக்கு என்ன? சாப்பிடப் பிடிக்காத வீட்டுக்கு ஒரு மனுசன் எத்தனை தடவை வருவாரு? அவரு வரலைன்னா அவளும் வர மாட்டா. ஒத்தைப் பிள்ளையைப் பெத்து வச்சுக்கிட்டு, அது ஊருக்கு வந்தாலும் லாட்ஜுல தங்கினா, நான் யாருக்கு ஆக்கிப் போடுறது? எங்க வீட்டுக்காரருக்கா? அவருக்கு ரசமும் அப்பளமும் போதும். எனக்கு அந்த மாப்பிள்ளை வாயால "அத்தை, இன்னும் கொஞ்சம்"னு ஒரு வார்த்தை கேக்கணும். வேற நகை நட்டு எதுவும் எனக்கு வேணாம்.

அப்பதான் ஒரு நாள் போன்ல பேசும்போது இந்துஜா வாய் தவறி விட்டா. பெங்களூர்ல சிநேகிதங்க வீட்டு மொட்டை மாடியில பார்பிக்யூ போடுவாங்களாம். "அங்க போனா இவரைப் பிடிக்க முடியாதும்மா, நின்னுக்கிட்டே ஒரு கோழியை முடிச்சுருவாரு." நான் கப்புன்னு பிடிச்சுக்கிட்டேன். ஓ, விசயம் அப்படிப் போகுதா! குழம்பு வேணாம், சுட்டது வேணும். முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? பார்பிக்யூன்னா என்ன, கரி நெருப்புல கம்பி போட்டு வாட்டுறது. அதுக்கு ஒரு அடுப்பு வாங்கணும். வாங்கிட்டாப் போச்சு.

மறுநாளே எங்க வீட்டுக்காரரை இழுத்துக்கிட்டு பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போயிட்டேன். பெரிய கடை, ஊசியில இருந்து ஊஞ்சல் வரைக்கும் இருக்கும். டை கட்டின சேல்ஸ்மேன் ஒருத்தரு வந்து, "கேஸா, கரண்டா, கரியா மேடம்?"ன்னாரு. "கேஸ்ல சுட வீட்டுல அடுப்பு இருக்கு, கரண்டுல சுட இஸ்திரிப்பெட்டி இருக்கு. நீ கரியில காட்டுப்பா"ன்னேன்.

மூணு காட்டினாரு. ஒண்ணு சூட்கேஸ் மாதிரி, மடக்கித் தூக்கிட்டுப் போகலாமாம். தட்டிப் பாத்தேன், பிஸ்கட் டின் சத்தம் வந்துச்சு. ரெண்டு தடவை நெருப்பு பட்டா நெளிஞ்சு போயிரும். இன்னொண்ணுக்குச் சக்கரம், பக்கத்துல மேசை, கரண்டி மாட்டக் கொக்கி, அது பாட்டுக்குத் தேரு மாதிரி நிக்குது. எங்க மாடிப்படியில ஏறவே ஏறாது. மூணாவது உருண்டையா, மூணு காலும் மூடியுமா இருந்துச்சு. இட்லிக்கொப்பரைக்குக் கால் முளைச்சு வந்து நின்ன மாதிரி. பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. தட்டினேன், கணீர்னு சத்தம். உள்ள கம்பி நல்ல தடிமன். வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாரு, ஆறு பேருக்குள்ளன்னு சொன்னேன். இதுவே தாராளம் மேடம்னாரு. அப்புறம் மூடியைத் திருப்பிப் பாக்குறேன், ஓட்டை. அடியில பாக்குறேன், அங்கயும் ஓட்டை. விடுவேனா? "ஏம்ப்பா, ஓட்டைப் பாத்திரத்தை எடுத்து வச்சு புதுசுன்னு விக்கிறியே, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"ன்னேன். எங்க வீட்டுக்காரரு பத்தடி தள்ளிப் போய் தோசைக்கல்லு பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

அந்த சேல்ஸ்மேன் பொறுமைசாலி. "அது காத்துக்கு மேடம். திறந்து விட்டா தீ ஏறும், பாதி மூடினா நிதானமா எரியும். தீக்கு மூச்சு விட இடம் கொடுக்கணும். ரொம்ப அமுக்கினா அணைஞ்சுரும்"னாரு. எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமா அடுப்படியில கிடக்கேன். சரி சரின்னு தலையை ஆட்டினேன்.

அப்புறம் கூட வாங்குற சாமான்னு ஒரு கூடை நிறைய எடுத்துட்டு வந்துட்டாரு. முழங்கை வரைக்கும் ஒரு கையுறை, குத்துச்சண்டை போடுறவங்க மாட்டுற மாதிரி. வேணாம், பிடிதுணி இருக்குன்னேன். கறிக்குள்ள குத்திச் சூடு பாக்குற ஊசி ஒண்ணு. எனக்கெதுக்கு அது, நான் விரலால தொட்டாலே வெந்துச்சா வேகலையான்னு சொல்லிருவேன். நீளமா ஒரு இடுக்கி. வீட்டுல இருக்கேன்னேன், "அது குட்டை மேடம், கை சுட்டுரும்"னாரு, சரின்னு வாங்கினேன். கம்பியைத் தேய்க்க ஒரு பிரஷ். கரியிலயே ரெண்டு தினுசு. அச்சுல போட்டு அமுக்கினது, மெதுவாப் பிடிச்சு ரொம்ப நேரம் ஒரே சூடாக் கனியுமாம். சாதா மரக்கரி சட்டுன்னு பத்திக்குமாம், சீக்கிரம் தீந்துருமாம். முதல் தடவைக்கு அச்சுக்கரியே நல்லதுன்னாரு, ஒரு பாக்கெட் எடுத்தேன். பத்த வைக்கன்னு வெள்ளையாக் கட்டி கட்டியா ஒண்ணு காட்டினாரு. பாத்தா சூடம் மாதிரியே இருக்கு. சூடம்தான் வீட்டுல டப்பா நிறைய இருக்கே, இதுக்கு வேற தண்டம் அழணுமான்னு வச்சுட்டேன். கடைசியில ஒரு தகரக் குழாய், கைப்பிடி வச்சது, அடுப்போட இனாம். அடியில வெறும் கம்பி வலை, தண்ணி ஊத்தினா நிக்காது. எதுக்குன்னு கேக்கல. இனாமாக் குடுக்குறதை எதுக்குன்னு கேக்கலாமா?

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஒத்திகை. மொட்டை மாடியில வச்சு, கரியை அடுக்கி, மேல சூடத்தைப் பொடிச்சுப் போட்டுப் பத்த வச்சேன். குப்புன்னு எரிஞ்சுச்சு, ஆசையா இருந்துச்சு. சூடு வெளிய போயிரக் கூடாதேன்னு மூடியைப் போட்டு, மேல ஓட்டை, கீழ ஓட்டை எல்லாத்தையும் இறுக்கி மூடினேன். அணைஞ்சு போச்சு. மறுபடி சூடம். மறுபடி மூடினேன். மறுபடி அணைஞ்சுச்சு. அந்தக் கரி சரியில்ல, அவ்வளவுதான். ஒரு வழியாக் கோழி வெந்து, தட்டுல எடுத்து எங்க வீட்டுக்காரருக்கிட்ட நீட்டினேன். அந்த மனுசன் மோந்து பாத்துட்டு, ரெண்டு கையையும் கோழிக்கு மேல காட்டி, எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு! கோயில்ல தீபாராதனை ஒத்திக்கிற மாதிரி! "சீதா, கும்பிடலாம். சாப்பிட முடியாது"ங்கிறாரு. பேசாத மனுசன் வாயைத் திறந்தா இப்படித்தான். நானும் ஒரு துண்டு வாயில போட்டேன். மாரியம்மன் சன்னதியில நின்னு கோழி திங்கிற மாதிரிதான் இருந்துச்சு. சரி, சூடம் வேணாம்.

ஆனா ஒத்திகையிலேயே பாக்கெட்டுக் கரி பூராவும் தீந்து போச்சு. இந்துஜா போன்ல சொல்லிட்டா, மாசி கடைசி ஞாயித்துக்கிழமை வர்றாங்க, மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு. ராத்திரிக்கு ரூமாம், பகலுக்கு மட்டும் நம்ம வீடாம். கடைக்கரிதான் சரியில்லையே, நம்ம ஊர்க்கரி வாங்கிருவோம்னு நினைச்சேன். என் தம்பி பூமிநாதன் கமுதியில இருக்கான். அந்தப் பக்கமெல்லாம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்குறாங்கல்ல, வாசல்லயே கிடைக்கும். போனைப் போட்டேன். "டேய் பூமி, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வர்றாரு, காலையிலேயே வந்துரு. வரும்போது அஞ்சு கிலோ கரி வாங்கிட்டு வா. துண்டு பெருசா இருக்கணும், தூளாக் குடுத்தா வாங்காத. ஈரம் இருக்கக் கூடாது, பாத்து வாங்கு." இதை விடத் தெளிவா யாராவது சொல்ல முடியுமா? நீயே சொல்லு. அவனும் "சரிக்கா, சரிக்கா"ன்னான்.

ஞாயித்துக்கிழமை காலையில வந்தான். கையில பெரிய தூக்குவாளி. வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, முதல் ஆட்டுல எடுத்தது. எலும்பும் சதையுமா பாத்து வாங்கினேன்." வாளியைத் திறந்தா, வாழை இலையில சுத்தி அஞ்சு கிலோ ஆட்டுக்கறி!

"கரி எங்கடா?"

"இந்தா இருக்குல்ல."

"அடேய், நான் கரி கேட்டேன்!"

"கறிதான்க்கா இது!"

"அடுப்புக்கரிடா எருமை!"

அவன் அப்படியே வாளியைக் கீழ வச்சுட்டான். "மாப்பிள்ளை வர்றாருன்னு சொல்லிட்டுக் கறி கேட்டா எவன்க்கா அடுப்புக்கரின்னு நினைப்பான்? துண்டு பெருசா வேணும்ன, வெட்டச் சொன்னேன். தூள் வேணாம்ன, கொத்துக்கறி வேணாம்னேன். ஈரம் கூடாதுன்ன, தண்ணி விடாத கறியாப் பாத்து நின்னு வாங்கிட்டு வர்றேன். கரிமூட்டப் புகையில நாங்க ஊரோட இருமிக்கிட்டு கிடக்கோம், அதைத்தான் கேக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சின்ன ர போட்டுத்தானேடா சொன்னேன்!"

"போன்ல என்னக்கா சின்ன ர, பெரிய ற? எல்லாம் ஒரே ர-வாத்தான் கேக்குது!"

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மசாலா போட்ட கோழி ஒரு குண்டா நிறைய ராத்திரியே ஊற வச்சிருக்கேன், இப்ப அஞ்சு கிலோ ஆட்டுக்கறி வேற. அடுப்பு பளபளன்னு மாடியில நிக்குது. ஒரு துண்டு கரி இல்ல. ஞாயித்துக்கிழமை, அந்தப் பைபாஸ் கடை திறக்கவே பதினோரு மணி ஆகும். போச்சு, இந்தத் தடவையும் போச்சுன்னு தலையில கையை வச்சு உக்காந்துட்டேன்.

அப்ப உள்ள இருந்து ஒரு சத்தம். பாத்தா மாப்பிள்ளை, விடியக்காலை பஸ்லயே ரெண்டு பேரும் வந்து இறங்கியிருந்தாங்க. காபி டம்ளரோட கதவுல சாஞ்சு நிக்கிறாரு, காபி மூக்குல ஏறிருச்சு, இருமுறாரு, சிரிக்கிறாரு, மறுபடி இருமுறாரு. "சின்ன ர"ன்னு சொல்றாரு, சிரிக்கிறாரு. என் வீட்டுல அந்தப் பிள்ளை பல்லு தெரியச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாக்குறேன். "அத்தை, ஒண்ணும் கவலைப்படாதீங்க. தெருமுனையில இஸ்திரி வண்டி இருக்கே, அவங்ககிட்டக் கரி இருக்கும்"னு சொல்லிட்டு, போட்டிருந்த பேன்ட்டை மாத்தி எங்க வீட்டுக்காரரோட கைலியைக் கட்டிக்கிட்டு, என் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஆத்தாடி, மாப்பிள்ளை கைலியோட தெருவுல போறாரு, அதுவும் செல்வராணி வீட்டு வாசல் வழியா! நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். அவ கோலத்தை விட்டுட்டு வாயைப் பிளந்து பாக்குறா. அரைச்சாக்குக் கரியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தாரு. கன்னமெல்லாம் கருப்பு.

இந்தா பாப்பா, அருப்புக்கோட்டை வந்துருச்சு, இப்பவாவது எடுத்துக்கோ. காலையில என்ன சாப்பிட்ட? ரெண்டு இட்லியா? ரெண்டு இட்லி எந்த மூலைக்கு? எடு. என்ன பிள்ளைகளோ. சரி, மூடி வைக்கிறேன்.

எங்க விட்டேன்? ஆங். மாப்பிள்ளை வந்ததும் கேக்குறாரு, "அத்தை, அடுப்போட ஒரு குழாய் குடுத்திருப்பாங்களே, எங்க?" எனக்கு வெக்கமாப் போச்சு. அதுல நான் கரண்டி எல்லாம் செருகி சமையல் மேடையில வச்சிருந்தேன். எடுத்துக் குடுத்தேன். அதுக்குள்ள கரியைக் கொட்டி, அடியில பழைய பேப்பரைக் கசக்கி வச்சு, ஒரே தீக்குச்சி. ஊதல, விசிறல, சூடம் ஏத்தல. நான் வெங்காயம் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள கரி பூராவும் சிவப்பாக் கனிஞ்சு மேல சாம்பல் பூத்திருச்சு. அதை அடுப்புல ஒரு பக்கமாக் கொட்டினாரு. சூடு வேணும்னா இந்தப் பக்கம், நிதானமா வேகணும்னா அந்தப் பக்கமாம். ஓட்டையைத் திறந்து விட்டாரு. நான் கூட, "சூடு போயிரும் மாப்பிள்ளை"ன்னேன். "போகட்டும் அத்தை"ன்னாரு.

ஆட்டுக்கறியில பாதியைக் குழம்புக்கு எடுத்துக்கிட்டு, மீதியில பப்பாளிக்காய் அரைச்சுப் பூசி ஊற வச்சேன். அப்பதான் பஞ்சா வேகும். முதல்ல ராத்திரி ஊறின கோழியைத் தட்டோட தூக்கிக்கிட்டு அடுப்புக்குப் பக்கத்துல போய் நின்னேன், வழக்கம்போலக் கவனிக்கணும்ல. ஆனா புகை என்னையே தேடிக்கிட்டு வருது. வலது பக்கம் போனா வலது பக்கம் வருது, இடது பக்கம் போனா இடது பக்கம். கண்ணு ரெண்டும் கொட்டுது. மாப்பிள்ளை ஒரு நாற்காலியை எடுத்துட்டு வந்து, தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட நிழல்ல போட்டாரு. "அத்தை, நீங்க உக்காருங்க. இன்னைக்கு நான் பரிமாறுறேன்."

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. மாப்பிள்ளை சமைச்சு மாமியா உக்காந்து சாப்பிட்டான்னு செல்வராணிக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் முரசு அடிப்பா. மாட்டேன்னேன். இந்துஜா வந்து தோளைப் பிடிச்சு அமுக்கி உக்கார வச்சுட்டா. அங்க இருந்து பாத்தா மாப்பிள்ளை முதுகுதான் தெரியுது, தட்டே தெரியல. எப்படிக் கவனிக்கிறது? அப்ப முதல் துண்டை எடுத்து, ஒரு சின்னத் தட்டுல வச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, நேரா என்கிட்டத்தான் கொண்டு வந்தாரு. எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து, எல்லாருக்கும் முந்தி எனக்குன்னு ஒரு தட்டு எங்கயும் வந்தது இல்ல பாப்பா. எப்பவும் கடைசியில, ஆறினது, அடி ஒட்டினது. வாங்கி வாயில வச்சேன். அழுகை வந்துருச்சு. புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். நல்லா இருந்துச்சு. மசாலா என்னோடதுதானே, நல்லா இல்லாம எங்க போகும்.

அப்புறம் குழம்பு என்ன ஆச்சோன்னு கீழ இறங்கிப் போனேன். அடுப்பைக் குறைச்சு, சோத்தை வடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மேல ஒரே கும்மாளம். என் தம்பி பாடுறான், எங்க வீட்டுக்காரரு பாட்டுக்குத் தாளம் போடுறாரு. அந்த மனுசனுக்குத் தாளம் தெரியும்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்ப மாடியில இருந்து சத்தமா ஒரு குரல்.

"அத்தை! கறி இன்னும் கொஞ்சம் இருக்கா?"

சத்தியமா பாப்பா, இதே வார்த்தைதான். கரண்டியைக் கீழ போட்டுட்டேன். ஆளை வச்சுக் குடுத்து விடுவேனா? குழம்புல போட்டது போக மிச்சம் வச்சிருந்த கறி பூராவையும் மசாலாவுல புரட்டி எடுத்துக்கிட்டு, படியில ஏறினேன் பாரு, முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. மேல போய்ப் பாத்தா, ரெண்டு கன்னமும் உப்பி, ஒரு கையில இடுக்கி, ஒரு கையில எலும்பு. என்னைப் பாத்ததும் டக்குன்னு முழுங்கிட்டாரு, பாவம், விக்கிருச்சு. தண்ணி குடுத்தேன். கூச்ச சுபாவம். நான் எத்தனை துண்டு சாப்பிட்டாருன்னு எண்ணல, அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. எலும்பை அள்ளிப் போடும்போது கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான். பதினாலு.

சாயங்காலம் செல்வராணி என்ன வாசனைன்னு கேட்டுக்கிட்டே வந்தா. விட்டேனா? "நீ தோசையைத்தான் குடுத்த, நான் அடுப்பையே வாங்கிக் குடுத்தேன்"னேன். மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!

இப்ப எல்லாரும் என்னைக் கேக்குறாங்க, எப்படி சாதிச்சன்னு. நான் சொல்றது இதுதான். முதல்ல அடுப்பைப் பாத்து வாங்கணும். தட்டிப் பாத்தா கணீர்னு இருக்கணும். மூடி முக்கியம், கம்பி தடிமன் முக்கியம். அச்சுக்கரியெல்லாம் வேணாம், நம்ம கருவேலங்கரி போதும். சூடம் கூடவே கூடாது. பப்பாளிக்காயை மறக்கக் கூடாது. இதெல்லாம் அமைஞ்சா எந்த மாப்பிள்ளையும் சாப்பிடுவாரு. இந்துஜா மறுபடியும், "அம்மா, அது அடுப்பு இல்லம்மா"ன்னு என்னமோ ஆரம்பிச்சா. "அடுப்பு இல்லாம பின்ன குக்கராடி?"ன்னு வாயை அடைச்சுட்டேன்.

போன புதன்கிழமை மாப்பிள்ளையே போன் பண்ணாரு. இந்துஜா இல்ல, அவரே! "அத்தை, வர்ற சனிக்கிழமை வர்றோம். கரி இருக்கா?" நான் கேட்டேன், "சின்ன ர-வா, பெரிய ற-வா மாப்பிள்ளை?" "ரெண்டும் வேணும் அத்தை"ன்னு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மூணு நாள் தங்குறாங்க. என் வீட்டுல! ரூம் போடுற பேச்சே இல்ல. எனக்கு இப்ப இருக்குற சந்தோசத்துக்கு இந்த பஸ்ஸை நானே ஓட்டிருவேன். அதான், போனை நம்பினா ஆகாதுன்னு நேராக் கமுதிக்கே வந்து, என் கண்ணு முன்னாடி அள்ளிப் போடச் சொல்லி, சாக்கு வாயை நானே கட்டிக்கிட்டுப் போறேன்.

ஆனா இந்தத் தடவை நான் நாற்காலியில உக்காரப் போறது இல்ல. பாவம், அன்னைக்கு அவரு தானே எடுத்துத் தானே சாப்பிட வேண்டியதாப் போச்சு. புகைக்கு ஒரு கண்ணாடி வாங்கி வச்சிருக்கேன், வெல்டிங் பண்றவங்க போடுறது. மாட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு துண்டா அவரு தட்டுல நானே வைக்கப் போறேன். எதுக்கு இப்படி இருமுற? தண்ணி வேணுமா?

அட, காரியாபட்டி தாண்டிருச்சு. இரு, மாப்பிள்ளை கைலி கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோவைக் காட்டுறேன். இந்தக் காராச்சேவு டப்பாவைக் கொஞ்சம் உன் மடியில வச்சுக்கோ. போன் பைக்குள்ள எங்க கிடக்குதோ... இது கண்ணாடிக்கூடு, இது திருநீறு... ஆங், ஆம்புட்டுருச்சு. இந்தப் போட்டோவெல்லாம் மேல போகணுமா, கீழ போகணுமா, எனக்கு ஒண்ணும் பிடிபடல. இது எங்க வீட்டுக்காரரு, தூங்குறாரு. இதுவும் தூங்குறாரு. இது மின்சார பில்லு. இது என் விரலு. இது யாரு வீட்டுக் கல்யாணம்னே தெரியல. செல்வராணி எங்க இதுக்குள்ள வந்தா? இரு பாப்பா, அவசரப்படாத, வருது, வருது... ஆங், இந்தா! பாரு, இடுக்கியைப் பிடிச்சுக்கிட்டு எப்படி நிக்கிறாருன்னு. ராஜா மாதிரி இல்ல?

சரி, டப்பாவைக் குடு, மாட்டுத்தாவணி வரப் போகுது, பையில வைக்கணும். என்ன இது, லேசா இருக்கு? அடியாத்தி! ஒரு துணுக்குக் கூட இல்ல! எத்தனை தடவை நீட்டினேன், வேணாம் வேணாம்னியே? அட, எதுக்கு முகம் சிவக்குது, திங்கத்தானே போட்டேன். பசிச்சா வாயைத் திறந்து சொல்லணும் பாப்பா. இப்படித் தானே அள்ளிச் சாப்பிட விட்டுட்டேனேன்னு எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போனை ஓரமா வச்சுட்டு, உன் வாயையே பாத்து ஒவ்வொண்ணா நானே ஊட்டி விட்டிருப்பேன்ல?